ஆனர்ஸ் பட்டமும் செபதேயுவின் மனைவியும்

மே மாதம் அன்னை மரியாவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மாதம். சைதாப்பேட்டையில் பங்குப்பணி ஆற்றும் நமக்கு அது பரிந்துரைக் கடிதங்களின் மாதமாகவும் ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்து வெளியே வருவதற்குள் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் பெற்றோர் வந்து அமர்ந்துவிடுவர். ஒவ்வொருவர் கையிலும் மதிப்பெண் பட்டியலின் நகல், ஒவ்வொருவர் நாவிலும் ஒரே வேண்டுகோள்: "ஃபாதர், ஒரு லெட்டர்."

இவ்வாறு அண்மையில் வந்தவருள் ஒருவர் ஆட்டோ ஓட்டுநர். அடையாற்றங்கரையில் இருந்த அவருடைய வீட்டை 2015 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்தபோது, துணிமணிகளோடு பிள்ளைகளின் புத்தகங்களும் சேற்றில் போயின. சான்றிதழ்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறியதாக அவர் அடிக்கடி சொல்வதுண்டு. காகிதத்தின் அருமையை அறிந்த மனிதர். அவர் கையில் இப்போது வழவழப்பான வண்ணத்தாளில் அச்சிட்ட ஒரு விவரக் கையேடு இருந்தது.

"பொண்ணுக்கு பிசிக்ஸ் வேணுமாம் ஃபாதர். இது ஆனர்ஸாம், நாலு வருஷம். சாதா டிகிரி இல்லைன்னு சொல்றாங்க."

"ஆனர்ஸ்னா என்னப்பா?" என்று கேட்டோம்.

அவர் சற்றுத் தயங்கினார். "பெரிய படிப்பு ஃபாதர்" என்றார். கட்டணத்தைக் கேட்டோம், சொன்னார். எப்படிக் கட்டப்போகிறீர் என்று கேட்டோம். "அவங்க அம்மா செயின் இருக்கு" என்றார்.

அந்தத் தந்தைக்கு அன்று நாம் உடனே கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கான விளக்கமே இக்கட்டுரை. அவரைப் போன்ற பெற்றோருக்காக மட்டும் இதை எழுதவில்லை. கேட்டவுடன் கடிதம் எழுதித் தரும் நம் போன்ற குருக்களுக்காகவும், கல்லூரிகளை நடத்தும் நம் துறவற சபையினருக்காகவும் எழுதுகிறோம். நம் வாதம் கசப்பாக இருந்தால் பொறுத்தருள்க.

கிண்ணம் எது?

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு தாய் வருகிறாள். செபதேயுவின் மனைவி. மீன்பிடிக் குடும்பம். தன் இரு மக்களையும் இயேசுவின் அரியணைக்கு வலப்புறமும் இடப்புறமும் அமர்த்த வேண்டும் என்று கேட்கிறாள். மறையுரைகளில் இந்தத் தாயை நாம் எளிதாகக் கண்டித்துவிடுகிறோம். ஆண்டவர் அவளைக் கண்டிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோபித்தவர்கள் மற்றப் பத்துச் சீடர்கள்தாம். அவர்களுக்கும் அந்த இருக்கைகள்மேல் ஒரு கண் இருந்திருக்கும் போலும்! ஆண்டவரோ அவளுடைய வேண்டுகோளை இருக்கையிலிருந்து கிண்ணத்துக்குத் திருப்புகிறார். கேட்பது இன்னதென்று தெரிந்துதான் கேட்கிறீர்களா, அதற்குரிய கிண்ணத்தைக் குடிக்க இயலுமா என்பதே அவர் வினா.

நம் தாழ்வாரத்துப் பெற்றோரிடமும் இவ்வினாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு உயர்ந்த இடம் வேண்டும் என்பது பாவமன்று. ஆனர்ஸ் என்னும் இருக்கை எத்தகையது, அதற்குரிய கிண்ணம் எது, அதைக் குடிக்கப்போவது யார் என்று கேளாமல் கேட்பதே பிழை. பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தைக் குடிப்பவர் இருக்கையில் அமர்பவராக இருப்பதில்லை. தாய் குடிக்கிறாள்; தம்பி குடிக்கிறான்.

ஒரு சொல்லும் பல பொருளும்

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிய மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு உலகெங்கும் ஒரே பொருள் கிடையாது. இங்கிலாந்தில் மூன்றாண்டுப் பட்டமே பொதுவாக ஆனர்ஸ் பட்டம். ஸ்காட்லாந்தில் மூன்றாண்டு சாதாரணப் பட்டம், நான்காண்டு ஆனர்ஸ். இலங்கைத் தமிழர் நெடுங்காலம் மூன்றாண்டுப் படிப்பைப் பொதுப் பட்டம் என்றும், ஒரே பாடத்தில் ஆழ்ந்து கற்கும் நான்காண்டுப் படிப்பைச் சிறப்புப் பட்டம் என்றும் அழகிய தமிழில் வழங்கினர். டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் நெடுங்காலம் மூன்றாண்டுப் படிப்பாகவே இருந்தது. 2013இல் அங்கு நான்காண்டாக்கினார்கள். எதிர்ப்பு எழவே 2014இல் திரும்பப் பெற்றார்கள். 2022இல் மீண்டும் நான்காண்டாக்கினார்கள். ஒரே பல்கலைக்கழகம் பத்தாண்டுக்குள் இம்முறை அம்முறை என்று மாற்றிக்கொண்ட ஒன்றை, நம் பெற்றோர் வேதவாக்காக எண்ணித் தாலிச் சங்கிலியைக் கழற்றுவது நியாயமா?

நம் சென்னைக்கும் இச்சொல் புதிதன்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பி.ஏ. ஆனர்ஸ் என்னும் படிப்பு புகழோடு நடந்தது. இண்டர்மீடியட் இரண்டாண்டு முடித்தவர் சாதாரண பி.ஏ. படித்தால் மேலும் இரண்டாண்டு. ஆனர்ஸ் படித்தால் மூன்றாண்டு. ஆனர்ஸில் தேறியவர் மீண்டும் தேர்வெழுதாமலே எம்.ஏ. பட்டத்துக்கு உரியவரானார். சாதாரண வழியில் சென்றவர் பி.ஏ.வுக்குப்பின் இன்னும் ஈராண்டு படித்துத்தான் எம்.ஏ. பெற வேண்டும். ஆக, பழைய ஆனர்ஸ் பாதையைச் சுருக்கியது. மாணவனுக்கு ஓராண்டை மிச்சப்படுத்தியது. 1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தபின் அது மறைந்தது. வான்இயற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பெற்றது அத்தகைய ஆனர்ஸ் பட்டமே. முதியவர்கள் அந்தச் சொல்லை இன்றும் மரியாதையோடு உச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மரியாதையைத்தான் இன்றைய விவரக் கையேடுகள் விலைபேசுகின்றன.

லயோலாவில் ஒரு பிரெஞ்சுக் குரு

பழைய ஆனர்ஸின் பெருமை எங்கிருந்து வந்தது? ஆண்டுக் கணக்கிலிருந்தா? பட்டத்தின் பெயரிலிருந்தா? நம் திருச்சபையின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருவோம்.

சார்லஸ் ரசீன் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு 1937இல் தமிழகம் வந்தார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெருங்கணித அறிஞரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் திருச்சியில் புனித வளனார் கல்லூரியிலும், பின்னர் நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். ஐரோப்பாவில் அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த புதுக்கணிதத்தை, பாடத்திட்டத்தின் வேலிகளைத் தாண்டி, தம் ஆனர்ஸ் மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். அவர்களில் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தனர். 1965இல் அவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தை உருவாக்கியவர் அதே சேஷாத்ரிதான்.

1957இல் சி. பி. ராமானுஜம் என்ற இளைஞரும் அதே ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அவரை விண்ணப்பிக்கத் தூண்டியவர் ரசீன் அடிகள். தம் பரிந்துரைக் கடிதத்தில் அந்த இளைஞரின் சுயசிந்தனையையும் அறிவு வேட்கையையும் அடிகள் எடுத்துக்காட்டினார். தக்க வாய்ப்புத் தந்தால் நல்ல ஆய்வாளராக வருவார் என்றார். அவ்வாறே அவர் வந்தார்.

ஒரு குரு எழுதிய பரிந்துரைக் கடிதம் என்றால் அதுவன்றோ கடிதம்! இவர் நம் பங்கைச் சேர்ந்தவர், நல்ல கத்தோலிக்கக் குடும்பம், ஆவன செய்க என்று ஆண்டுக்கு நூறு முறை நாம் எழுதும் மூன்று வரிகளை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் நாணமாக இருக்கிறது. அந்தக் குருவுக்கு மாணவனைத் தெரிந்திருந்தது. அவன் எந்தக் கேள்வி கேட்பான், எந்தக் கணக்கில் இரவைக் கழிப்பான் என்பது தெரிந்திருந்தது. பழைய ஆனர்ஸின் பெருமை அதில் இருந்தது: சில மாணவர், அவர்களை அறிந்த ஓர் ஆசிரியர், அவசரமில்லாத காலம். இம்மூன்றும் இருந்தால் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது ஆனர்ஸ். இம்மூன்றும் இல்லையென்றால் பொன் எழுத்தில் அச்சிட்டாலும் அது வெறும் நான்காம் ஆண்டு.

நான்காம் ஆண்டின் கணக்கு

இனி இன்றைய ஏற்பாட்டைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புக்கு ஒரு வரைவுமுறையை வெளியிட்டது. மூன்றாண்டில் 120 கிரெடிட் பெற்றவர் சாதாரணப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காண்டில் 160 கிரெடிட் பெற்றவர்க்கு ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் மட்டுமே ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸைத் தெரிந்துகொள்ளலாம். கேரளம் 2024இல் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. தமிழக அரசு இக்கொள்கையை எதிர்த்தது. ஆயினும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் சென்னையைச் சுற்றி நான்காண்டு ஆனர்ஸை விளம்பரப்படுத்தத் தயங்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் முதுகலைக்கு ஈராண்டு படிக்க வேண்டும், ஆக ஐந்து. நான்காண்டு ஆனர்ஸ் பெற்றவர்க்கு முதுகலை ஓராண்டு, ஆக ஐந்து. முதுகலைவரை போகிறவர்க்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. அந்த ஓராண்டு முதுகலை எங்கே நடக்கிறது, அதில் இடம் கிடைக்குமா என்பதை மட்டும் முன்பே கேட்டறிய வேண்டும். பட்டத்தோடு நின்று வேலைக்குப் போகிறவர்க்கோ ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டுச் சம்பளமும் கையை விட்டுப் போகின்றன. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும், ஒன்றிய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கும் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் இருந்தால் போதும். ஆனர்ஸ் என்பதற்காக அங்கே ஒரு மதிப்பெண்ணும் கூட்டிப் போடுவதில்லை.

யாருக்குப் பயன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வில் சேரத் தகுதி பெறுகிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்ப்பதால் அங்குச் செல்ல விரும்புவோர்க்கும் இது உதவும். ஆராய்ச்சியே தன் வாழ்வு என்று உணர்ந்த பிள்ளைக்கு நான்காம் ஆண்டு ஒரு வரம். மற்றப் பிள்ளைகளுக்கு அது வரமா சுமையா என்பது வேறு ஒன்றைப் பொறுத்தது.

பொறியியலில் கதை சற்று மாறுபடும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, அதே நான்காண்டுக்குள் கூடுதலாக 20 கிரெடிட் பெறுபவர்க்கு ஆனர்ஸ் உண்டு. இணையவழிப் பாடங்களின் வாயிலாகவும் அவற்றைப் பெறலாம். இங்கே செலவாவது பணமன்று, நேரம். அடிப்படைப் பாடங்களில் தடுமாறும் பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்காக மேலும் பாடங்களைச் சுமப்பது, உண்ணாதவனுக்கு விருந்துப் பாத்திரம் கழுவும் வேலையைக் கொடுப்பது போன்றது.

தோமாவைப்போல் தொட்டுப் பாருங்கள்

சைதாப்பேட்டைக்காரர்களாகிய நமக்கு ஒரு தனிப் பாக்கியம் உண்டு. திருத்தூதர் தோமா தங்கியிருந்ததாக மரபு போற்றும் சின்னமலை நம் ஊரில் இருக்கிறது. 1551இல் அங்குக் கட்டப்பெற்ற ஆரோக்கிய அன்னை ஆலயத்துக்கு நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றனர். அந்தத் தோமா தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். விசுவாசத்தில் அவரைப்போல் இருக்க வேண்டாம் என்று நாம் மறையுரை ஆற்றுகிறோம். கல்லூரி விவரக் கையேட்டின் முன்னால் அவரைப்போல் இருங்கள் என்று இன்று சொல்கிறோம்.

தொட்டுப் பார்க்க வேண்டியவை யாவை? அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் நடத்தும் துறையில் முனைவர் பட்ட நெறியாளராக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும், நூலகமும் ஆய்வுக்கூடமும் இருக்க வேண்டும் என்று மானியக் குழுவே கூறுகிறது. அந்த இருவர் பெயரைக் கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர் எழுதிய ஆய்வேட்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். நூலகத்துக்குள் போய், அங்கே பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். விடை தர மறுக்கும் நிறுவனம் அந்த மறுப்பினாலேயே விடை தந்துவிட்டது.

நம் மாநிலத்தில் ஒரு கொடிய வேடிக்கை உண்டு. நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில் தொகுப்பூதியத்துக்கு அமர்த்தப்படுவோரைக் கௌரவ விரிவுரையாளர் என்று அழைக்கிறோம். பணிப் பாதுகாப்பில்லை; அடுத்த ஆண்டு இருப்போமா என்பது தெரியாது; பெயரில் மட்டும் கௌரவம். அவர்கள் கற்பிக்க, மாணவர் பெறும் பட்டத்துக்கும் கௌரவம் என்றே பெயர். கற்பிப்பவரைக் கௌரவமாக நடத்தாத நிறுவனம் கற்பவருக்கு எந்தக் கௌரவத்தை வழங்கப்போகிறது? 1856இல் தொடங்கிய பழம்பெரும் ஆசிரியர் கல்லூரி பல தலைமுறையாக நம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. ஆசிரியரை உருவாக்கினால்தான் கல்வி உருவாகும் என்னும் எளிய உண்மை நம் தெருவிலேயே கல்லும் காரையுமாக நிற்கிறது. நாம் அதைப் பாராமல் கடந்து போகிறோம்.

நாம் செய்த பிழை

இவ்வளவும் சொல்லும் நமக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதே தாழ்வாரத்தில், தையல் வேலை செய்யும் ஒரு தாய் தன் மகளோடு வந்து நின்றார். கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று அருகிலுள்ள கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பு. மற்றது தொலைவிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் நான்காண்டு ஆனர்ஸ். "எதில் சேர்க்கட்டும் ஃபாதர்?" என்று கேட்டார். நாம் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "ஆனர்ஸ் பெரிய படிப்பம்மா, விடாதீர்கள்" என்றோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் அவள் பெயரைச் சொல்லி வாழ்த்தவும் செய்தோம். மக்கள் கைதட்டினர்.

மூன்றாம் ஆண்டு முடிவில் பணம் தீர்ந்தது. இத்தனை தூரம் வந்தபின் நிறுத்துவதா என்று, பத்தாம் வகுப்பு முடித்த தம்பி ஒரு மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். நான்காம் ஆண்டில் அவளுக்கு நெறியாளராக இருந்தவர் நடுவிலேயே வேலையை விட்டுச் சென்றார்; மாற்று ஆசிரியர் வரவில்லை. ஆய்வேடு என்ற பெயரில் கடையில் தட்டச்சு செய்து கட்டுப்போட்ட ஒன்று பெறப்பட்டது. படிக்கப்பட்டதா என்பதை ஆண்டவர் அறிவார். பட்டம் பெற்றபின் இனிப்போடு வந்த அவளிடம் மகிழ்ச்சியா என்று கேட்டோம். "நாலாவது வருஷம் நான் படிச்சது என் தம்பியோட படிப்பு ஃபாதர்" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றுவரை நம்மை விடவில்லை.

அந்த நிறுவனத்தை நாம் இங்கு நொந்துகொள்ள வரவில்லை. கேளாமல் அறிவுரை சொன்னவர் நாம். அறியாமல் கடிதம் எழுதியவர் நாம். கைதட்டலைத் தொடங்கி வைத்தவரும் நாமே.

இரு தரப்பார்க்கும் மறுமொழி

இதைப் படிக்கும் சிலர் கேட்பர்: "ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டே போதும், நான்காண்டு வசதி படைத்தவர்க்கு என்கிறாரா இந்தக் குரு?" இல்லை. ஆனர்ஸ் முழுவதும் ஏமாற்று என்று ஒதுக்குவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆழ்ந்த கல்வி செல்வர் வீட்டுச் சொத்தன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், திறமையிருந்தும் பொருளில்லாத மாணவர்க்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் கதவு எளிதில் திறக்க வேண்டும் என்று கூறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? கதவைத் திறந்துவிட்டோம் என்று சொல்லி, வாசலில் ஒரு சங்கிலியை வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு தரப்பார் சொல்வர்: "பெயருக்கும் மதிப்புண்டு ஃபாதர். திருமணப் பேச்சில், வேலை நேர்காணலில் ஆனர்ஸ் என்றால் ஒரு மரியாதை." உண்டு, சில நாளைக்கு. அவர்களுக்குப் புனித ஜான் ஹென்றி நியூமனை நினைவூட்டுவோம். 2019இல் புனிதராகவும், 2025 நவம்பர் முதல் நாளில் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்றவர். பல்கலைக்கழகக் கல்வியின் நோக்கம் பற்றி 1852இல் டப்ளின் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை இன்றும் உலகம் படிக்கிறது. அந்த நியூமன் 1820இல் ஆக்ஸ்போர்டில் ஆனர்ஸ் தேர்வு எழுதினார். அளவு மீறிப் படித்துக் களைத்திருந்ததால் மிகத் தாழ்ந்த நிலையிலேயே தேறினார். பெயரை மட்டும் பார்த்திருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும். 1822இல் ஓரியல் கல்லூரி தன் சொந்தத் தேர்வை வைத்து, அவர் அறிவை நேரில் சோதித்துப் பார்த்து, அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பட்டியலைப் பார்த்தவர்கள் தோல்வியைக் கண்டனர். ஆளைப் பார்த்தவர்கள் நியூமனைக் கண்டனர்.

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. கல்லூரி நடத்தும் சபையினரே, நிரந்தர நெறியாளர்களை அமர்த்தும்வரை ஆனர்ஸ் என்ற பலகையை மாட்டாதீர்கள். மாட்டினால், நான்காம் ஆண்டில் ஏழை மாணவரின் கட்டணத்தை நீக்குங்கள். பங்குப் பேரவையினரே, ஜூன் மாதத்தில் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குக் கேடயமும் பொன்னாடையும் வழங்குவதை நிறுத்தி, அந்தப் பணத்தை ஐந்தாண்டு படிக்கத் தகுதியுள்ள ஓர் ஏழைப் பிள்ளைக்காக அன்பியங்கள் வழியே சேர்த்து வையுங்கள். உடன்பணியாளர்களாகிய குருக்களே, பேசிப் பார்க்காத பிள்ளைக்காகக் கடிதம் எழுதாதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநரிடம் மகளை அழைத்து வரச் சொன்னோம். மறுநாள் மாலை வந்தாள். மதிப்பெண்ணைப் பற்றி நாம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்ன செய்வாய் என்று கேட்டோம். கோட்டூர்புரத்துக் கோளரங்கத்துக்கு நான்கு முறை போயிருப்பதாகச் சொன்னாள். முதல் முறை பள்ளியில் அழைத்துச் சென்றார்களாம். மற்ற மூன்று முறையும் அவளாகவே பேருந்தில் போனாளாம். நட்சத்திரங்கள் அணைந்துபோகுமா என்று ஒருநாள் கேட்டதற்கு ஆசிரியர் பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று சொல்லிவிட்டாராம். அதனால் நூலகத்தில் தேடிப் படித்தாளாம். ஒரு மணி நேரம் பேசினாள். நமக்குப் பாதி விளங்கவில்லை.

அந்தப் பிள்ளையை மாலையிலும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்கும் ஒரு கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்க்கும்படி தந்தைக்குச் சொன்னோம். அதன்பின் நான்காம் ஆண்டோ முதுகலையோ, தாகம் தணியாமல் இருந்தால் அந்தச் செலவு பங்கின் பொறுப்பு என்று பேரவையிடம் கேட்டு எழுதி வாங்கினோம். சங்கிலி தாயின் கழுத்தில் இருக்கிறது. கடிதமும் எழுதினோம். கத்தோலிக்கக் குடும்பம் என்பதற்குமுன் நட்சத்திரங்களைப் பற்றி எழுதினோம். நம் குருத்துவ வாழ்வில் ஒரு பிள்ளையை அறிந்து எழுதிய கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனியேனும் அந்த எண்ணிக்கை பெருக ஆண்டவர் அருள்புரிவாராக.